பிள்ளைக்கு இசைத் தேர்வு, நமக்கு என்ன வேலை? ராமநாதபுரக் கரையோரப் பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

நான் பாம்பனில் படகு இன்ஜின் பழுது பார்க்கிறவன். ஸ்வரம் ஏழு என்பதைத் தவிர இசையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மகள் மாதா கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு தொட ஆரம்பித்தாள். மகன் ராமநாதபுரத்தில் ஒரு டீச்சரிடம் கர்நாடக சங்கீதம் படிக்கிறான். இரண்டு பேருக்கும் சேர்த்து இதுவரை ஆறு தேர்வு பார்த்தாயிற்று. இரண்டு முறை காரியம் கெட்டது. இரண்டிலும் பிள்ளைகள் மேல் தப்பில்லை, தப்பு என்னுடையது.

அந்த இரண்டு தடவையும் நான் செய்த தவறு ஒன்றுதான். என் வேலையை விட்டுவிட்டு டீச்சர் வேலையைப் பார்த்தேன். தேர்வு அறைக் கதவு வரைக்கும் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெற்றோர் வேலை. காகிதம், காசு, கருவி, பஸ், நம் வாய் என்று ஐந்தைக் கவனித்தால் போதும். ஐந்தில் கடைசியை அடக்குவதுதான் ரொம்பக் கஷ்டம்.

எந்தத் தேர்வு, எதற்காக?

விண்ணப்பம் வாங்குவதற்கு முன்னால் இதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். நம் பக்கத்தில் பிள்ளைகள் எழுதுகிற தேர்வுகள் மூன்று வகை.

கீபோர்டு, பியானோ, கிட்டார், மேற்கத்திய வயலின் படிக்கிற பிள்ளைகளுக்கு லண்டன் தேர்வுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று டிரினிட்டி, இன்னொன்று ஏபிஆர்எஸ்எம் (இதில் எலக்ட்ரானிக் கீபோர்டுக்குத் தேர்வு கிடையாது). இரண்டிலும் எட்டு கிரேடு உண்டு, முதல் கிரேடுக்குக் கீழே இனிஷியல் என்று ஒரு படியும் உண்டு. பெரிய வித்தியாசம் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாம் கிரேடு வாசிப்புக்குப் போக, ஐந்தாம் கிரேடு தியரி தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. எழுத்துப் பாடம் என்றாலே முகம் சுருங்குகிற பிள்ளைக்கு இது பெரிய விஷயம்.

கர்நாடக சங்கீதம் படிக்கிற பிள்ளைகளுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தொழில்நுட்பத் தேர்வு இருக்கிறது. ஓவியம், தையல் வரிசையில் இசையும் ஒன்று. லோயர் கிரேடு, ஹையர் கிரேடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அரசுப் பள்ளியில் இசை ஆசிரியர் வேலைக்கு ஹையர் கிரேடும், அதோடு டி.டி.சி. எனும் தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழும் கேட்டு வந்திருக்கிறார்கள். பிள்ளை நாளைக்குப் பாட்டு டீச்சராகலாம் என்ற எண்ணம் இருந்தால் இந்த வழி உங்களுக்கு.

மூன்றாவது, ராமநாதபுரத்தில் இருக்கிற மாவட்ட அரசு இசைப்பள்ளி. இது ஒரு நாளில் எழுதிவிட்டு வருகிற தேர்வு இல்லை, மூன்று வருஷப் படிப்பு. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என்று ஏழு துறை உண்டு. சேர 12 வயது ஆகியிருக்க வேண்டும். தனியார் வகுப்புக்கு மாசம் கொடுக்கிற காசைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், இப்படி ஒரு பள்ளி நம் மாவட்டத் தலைநகரிலேயே இருப்பது எத்தனை பேருக்குத் தெரியாது என்று வருத்தமாக இருக்கும்.

இனி "எதற்காக" என்ற கேள்வி. "எஞ்சினியரிங் சீட்டுக்கு மார்க் சேருமா அண்ணே?" என்று என்னிடமே நாலு பேர் கேட்டுவிட்டார்கள். சேராது. கலந்தாய்வில் விளையாட்டுக்கு ஒதுக்கீடு உண்டு, இசைக்கு இல்லை. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் சேர்கிற பிள்ளைக்கு ஆறு, ஏழு, எட்டாம் கிரேடுகள் சேர்க்கைப் புள்ளிகளாகக் கணக்கில் வரும். மற்றபடி, ஒரு பாட்டை முழுசாக மெருகேற்றிப் பழகவும், முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் தைரியமாக வாசிக்கவும் தேர்வு ஒரு சாக்கு. அந்தச் சாக்கு உங்கள் பிள்ளைக்குத் தேவையில்லை என்றால் விட்டுவிடுங்கள். சில இடங்களில் வகுப்பில் இருக்கிற எல்லோரையும் மொத்தமாகத் தேர்வுக்கு அனுப்பிவிடுகிற பழக்கம் இருக்கிறது. என் மகளையும் ஒரு தடவை அப்படித் தள்ளினார்கள், நானும் வாயை மூடிக்கொண்டு பணம் கட்டினேன். தேர்வில் வாசிக்க வேண்டிய பாட்டு மூன்றில் ஒன்று பாதிதான் படித்திருந்தாள்.

இப்போது நான் வைத்திருக்கிற அளவுகோல் இது: பணம் கட்டுகிற அன்றைக்குப் பாட்டு மூன்றையும் மெதுவாகவாவது, நிற்காமல், முதலிலிருந்து கடைசிவரை பிள்ளை வாசித்துக் காட்ட வேண்டும். முடியவில்லை என்றால் அடுத்த சுற்று பார்த்துக்கொள்ளலாம். இதை மாஸ்டரிடம் பிள்ளையை வைத்துக்கொண்டு பேசாதீர்கள். வகுப்பு முடிந்து, வெளியில், தனியாக.

நம் கரைக்கென்று ஒரு காலண்டர்

சென்னைக்காரர் போடுகிற திட்டம் நமக்கு ஒத்து வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கிறது என்றால் கடலுக்குப் போகிறவர் வீட்டில் மட்டும் காசு நிற்பதில்லை. ஐஸ் பேக்டரி, மீன் லாரி, வலைக்கடை, என்னைப் போன்ற மெக்கானிக் எல்லோர் வீட்டிலும்தான். இந்த மாதங்களில் கட்டணம் கட்ட வேண்டியிருந்தால் ஜனவரி, பிப்ரவரியிலேயே தனியாக எடுத்து வையுங்கள். என் மனைவி இதற்கென்றே ஒரு சின்னச் சீட்டு போடுகிறாள். கட்டணம் மட்டும் கணக்கில்லை. புத்தகம், இரண்டு பேர் பயணச் செலவு, மையத்தில் தங்க வேண்டிவந்தால் அறை வாடகை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கட்டணத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

அதே தடைக்காலத்தில் ஒரு நன்மையும் உண்டு. அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், பள்ளி லீவு. சாதகத்துக்கு இதைவிட நல்ல இரண்டு மாசம் வருஷத்தில் கிடையாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கரண்ட் போகும், சளி பிடிக்கும், புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். குரலிசைத் தேர்வு இந்த மாதங்களில் விழுந்தால் பிள்ளை தொண்டையை இரண்டு வாரம் முன்னாலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 11 பரமக்குடியிலும் அக்டோபர் 30 பசும்பொன்னிலும் நினைவு நாள்கள். அந்த நாள்களை ஒட்டி மாவட்டத்துக்குள் வண்டிக்குக் கட்டுப்பாடு இருக்கும், மதுரை பஸ் சுற்றிப் போகும். தேர்வு பக்கத்து நாளில் விழுந்தால் இரண்டு நாள் முன்பே கிளம்பிவிடுவதுதான் நல்லது.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை மார்ச் பொதுத்தேர்வை ஒட்டி இசைத் தேர்வில் நுழைக்காதீர்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை.

விண்ணப்பம்: பெயரில்தான் சிக்கல்

நான் முதல் முறை கோட்டை விட்டது இங்கேதான். லண்டன் படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இன்ஷியல்தான் உண்டு. நான் என் பெயரை முதல் கட்டத்திலும் மகள் பெயரை இரண்டாவதிலும் எழுதினேன். சான்றிதழ் என் பெயரில் தொடங்கி வந்து சேர்ந்தது. என்னமோ நான் கீபோர்டு வாசித்துத் தேறின மாதிரி.

பள்ளிச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்து, அதே இன்ஷியல், அதே இடைவெளி. ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் முதலில் எது சரி என்று முடிவு செய்து மற்றதைத் திருத்துங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் முகமது என்பதை நாலு விதமாக எழுதுவார்கள். மிக்கேல், மைக்கேல் குழப்பம் எங்கள் ஊரில். பிள்ளையின் முதல் தேர்வில் எந்த எழுத்து போனதோ அதுவே எட்டாம் கிரேடு வரைக்கும் போகட்டும். மாஸ்டரே மொத்தமாக விண்ணப்பிக்கிறார் என்றாலும், அனுப்புவதற்கு முன்னால் போனில் ஒரு படம் வாங்கிப் பெயரையும் பிறந்த தேதியையும் கருவியையும் கிரேடையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். அப்பா வெளிநாட்டில் இருந்து ஆன்லைனில் பணம் கட்டுகிற வீடுகளில், கட்டிய ரசீதை வாட்ஸ்அப்பில் விட்டுவிடாமல் பிரிண்ட் எடுத்து வைப்பது நல்லது.

தேதியும் நேரமும் அவர்கள் தருவதுதான். நமக்கு வசதியான நாளைக் கேட்டு வாங்க முடியாது. திருவிழா, கல்யாணம் எதுவாக இருந்தாலும் அந்த வாரங்களில் வாக்குக் கொடுக்காதீர்கள். கட்டின பணம் திரும்பாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து போக முடியாவிட்டால் டாக்டர் சான்று வாங்கி உடனே மையத்துக்குத் தெரிவியுங்கள், மறுபடி எழுதச் சலுகை கிடைக்க வழி உண்டு.

மதிப்பெண்ணைக் கூட்டிப் பாருங்கள்

இந்தப் பகுதியைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன். பெரும்பாலான வீடுகளில் மூன்று பாட்டையே ஆறு மாசம் அரைத்துக்கொண்டிருப்பார்கள். கணக்கு என்ன சொல்கிறது?

டிரினிட்டியில் மொத்தம் 100. பாட்டு ஒன்றுக்கு 22 வீதம் மூன்றுக்கு 66. ஸ்கேல் (ஸ்வரங்களை வரிசையாக ஏறி இறங்கி வாசிப்பது) முதலிய டெக்னிக்கல் வேலைக்கு 14. பார்த்தவுடன் வாசிப்பது, காது கேட்டுச் சொல்வது போன்ற துணைச் சோதனைகள் இரண்டுக்குப் பத்துப் பத்தாக 20. தேற 60, மெரிட்டுக்கு 75, டிஸ்டிங்ஷனுக்கு 87. பாட்டை மட்டும் நம்பிப் போனால் 66க்கு 60 எடுத்தால்தான் கரை சேர முடியும். எந்தப் பிள்ளை எடுக்கும்?

ஏபிஆர்எஸ்எம்மின் வழக்கமான வாசிப்புத் தேர்வில் இன்னும் கறார். மொத்தம் 150. பாட்டு மூன்றுக்கு முப்பது முப்பதாக 90, ஸ்கேலுக்கு 21, பார்த்தவுடன் வாசிப்பதற்கு 21, காது கேட்டுச் சொல்வதற்கு 18. தேற 100. மூன்று பாட்டிலும் ஒரு மார்க் விடாமல் வாங்கினாலும் 90தான், தேற முடியாது. மெரிட் 120, டிஸ்டிங்ஷன் 130.

அதனால் வீட்டில் உட்காருகிற நேரத்தை மார்க்கைப் பார்த்துப் பிரியுங்கள். மகள் தினமும் உட்காருவது நாற்பது நிமிஷம். அதில் முதல் பதினைந்து நிமிஷம் ஸ்கேலுக்கும் புதுசாக நாலு கோடு பார்த்து வாசிப்பதற்கும். பாட்டு அதற்குப் பிறகுதான். பாட்டை முதலில் விட்டால் ஸ்கேலுக்கு நேரமே வராது, சாப்பிட அம்மா கூப்பிட்டுவிடுவாள்.

டிரினிட்டியில் ஐந்தாம் கிரேடு வரைக்கும் துணைச் சோதனைகளில் எந்த இரண்டு என்று தேர்ந்தெடுக்கலாம். பிள்ளையையும் மாஸ்டரையும் கேட்டு, நாலு மாசம் முன்பே முடிவு செய்துவிடுங்கள். கடைசி வாரத்தில் மாற்றாதீர்கள்.

இசை தெரியாத அப்பா அம்மா வீட்டில் என்ன செய்வது?

நிறையவே செய்யலாம். ஆனால் திருத்தக் கூடாது. "அந்த இடம் தப்பா கேக்குதே" என்று நான் சொன்ன ஒரு சாயங்காலம், மகள் கீபோர்டை மூடிவிட்டு எழுந்து போனவள், நாலு நாள் தொடவில்லை. அந்த இடம் தப்பே இல்லை, பாட்டே அப்படித்தான் என்று பிறகு மாஸ்டர் சொன்னார்.

செய்ய வேண்டியது இது. ஒன்று, நின்று நின்று வாசிக்கிற பழக்கத்தைக் கவனியுங்கள். தப்பு விழுந்ததும் பிள்ளைகள் ஆரம்பத்துக்கே ஓடும். தேர்வறையில் அது மார்க்கைத் தின்றுவிடும். இன்ஜின் ஒரு தடவை இருமினால் ஆஃப் செய்ய மாட்டோம், ஓடவிட்டால் சீராகிவிடும். "விழுந்தாலும் ஓடிக்கிட்டே இரு பாப்பா" என்பது மட்டும்தான் இப்போது எங்கள் வீட்டு விதி. இரண்டு, வாரம் ஒரு முறை போனில் பதிவு செய்யுங்கள். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், பிள்ளையே கேட்டுவிட்டுத் தானே சொல்லும். மூன்று, உங்களுக்குப் பாடம் எடுக்கச் சொல்லுங்கள். "இந்தப் புள்ளி எதுக்கு? இந்த வளைஞ்ச கோடு என்ன?" என்று கேட்டால் பிள்ளை சொல்லிக் கொடுக்கும். டிரினிட்டியில் பாட்டைப் பற்றிக் கேள்வி கேட்கிற சோதனைக்கு இதுவே பாதித் தயாரிப்பு.

நாலாவது, மொழி. லண்டன் தேர்வாளர் ஆங்கிலத்தில்தான் பேசுவார், பெரும்பாலும் வெள்ளைக்காரர். தமிழ் மீடியம் பிள்ளை அறைக்குள் போய், கேட்டது புரியாமல் திகைத்து நின்றால் வாசிக்கத் தெரிந்தும் வீண். "தயாரானதும் ஆரம்பி", "அடுத்து எந்த ஸ்கேல்", "இடது கை மட்டும்", "சேர்த்து வாசி" என்று ஏழெட்டு வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றை ஆங்கிலத்தில் எழுதி, டீச்சர் ஒருவரையோ அக்கா வீட்டுக் கல்லூரிப் பிள்ளையையோ வேகமாகச் சொல்லச் சொல்லிப் பழக்குங்கள். புரியவில்லை என்றால் "பார்டன்" என்று கேட்கலாம், அதற்கு மார்க் குறைய மாட்டார்கள் என்று சொல்லி வையுங்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் எழுதிக்கொண்டிருப்பார் என்பதையும் சொல்லுங்கள். பேனா ஓடினால் தப்பு செய்துவிட்டோம் என்று பிள்ளைகள் நினைக்கின்றன.

தேர்வுக்கு ஒரு மாசம் முன்னால் ஒரு ஒத்திகை. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயிலில், பாடகர் குழு முன்னால் மகளை வாசிக்க வைத்தோம். கதவைத் தட்டி உள்ளே வருவது, வணக்கம் சொல்வது, ஸ்டூலைச் சரிசெய்வது வரைக்கும் நடிக்க வைத்தோம். பெற்றோருக்குத் தேர்வறையில் அனுமதி கிடையாது, அதனால் ஒத்திகையில் நானும் வெளியேதான் நின்றேன்.

பாட்டுப் படிக்கிற பிள்ளைக்கு

மகனுக்கு முதலில் வந்த சிக்கல் எழுத்து. கீர்த்தனைகள் பலவும் தெலுங்கு, சமஸ்கிருதம். நாம் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படிக்கிறோம். நம் க ஒன்றுக்குப் பின்னால் அங்கே நாலு ஒலி இருக்கிறது. அதனால்தான் பழைய பாட்டுப் புத்தகங்களில் எழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாக 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்கள். நோட்டில் எழுதும்போது அந்த எண்ணை விட்டுவிட்டால் பிள்ளை "கணபதி"யில் வருகிற க-வையும் "கமலம்" என்பதில் வருகிற க-வையும் ஒரே மாதிரி பாடிவிடும். டீச்சர் சாகித்தியத்தை, அதாவது பாட்டின் வரிகளை, ஒரு தடவை பாடாமல் வெறுமனே படித்துக் காட்டட்டும். அதைப் பதிவு செய்துகொண்டு வீட்டில் எண் சரிபார்ப்பது பெற்றோர் வேலை.

இலக்கணக் கேள்விகளுக்கும் நம் உதவி பயன்படும். மேளகர்த்தா எனும் தாய் ராகங்கள் 72, அதில் மாயாமாளவகௌளை 15ஆவது, ஏழு தாளம், ஜாதி ஐந்து, ஆக 35 என்று சாப்பிடும்போது ஐந்து கேள்வி. இதில் நமக்கென்று ஒரு பெருமை இருக்கிறது. பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் படிக்கிற மோகன ராக ஆதி தாள வர்ணம் நம் ராமநாதபுரம் பூச்சி சீனிவாச ஐயங்கார் இயற்றியது. 1860இல் பிறந்து 1919இல் மறைந்தவர், சேதுபதி சமஸ்தானத்தில் பாடியவர். அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்குக் குரு. மிருதங்கம் படிக்கிற பிள்ளை என்றால் இராமநாதபுரம் முருகபூபதியைப் பற்றிச் சொல்லுங்கள். எங்கோ தஞ்சாவூரில் நடந்த கதை என்று நினைத்துக்கொண்டு படிக்கிற பிள்ளைக்கு, "இது நம்ம ஊர்" என்று தெரிந்ததும் தனி உற்சாகம் வருகிறது. என் மகனுக்கு வந்தது.

ஆண் பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதினான்கு வயதில் மகரக்கட்டு உடையும், அதாவது குரல் மாறும். ஐந்து கட்டை சுருதியில் பாடின பிள்ளை திடீரென்று மேல் சட்ஜம் எட்டாமல் திணறும். அந்த வருஷம் தேர்வு வேண்டாம். டீச்சரைக் கேட்டு சுருதியை இறக்கிப் பாடட்டும், தாளமும் இலக்கணமும் படிக்கட்டும். "உனக்கு என்னடா ஆச்சு" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

உப்புக் காற்று

இதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எங்கள் ஊர்க் காற்று இரும்புப் போல்ட்டை ஒரு வருஷத்தில் பொடியாக்கும், வயலின் கம்பி எம்மாத்திரம். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் கம்பியைத் துடையுங்கள், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மாசம் ஒரு முறை மாற்றுங்கள். மாற்றுக் கம்பி ஒரு செட் எப்போதும் கையில் இருக்கட்டும். ராமேசுவரத்தில் அவசரத்துக்கு வயலின் கம்பி தேடிக்கொண்டு அலைய முடியாது. புதுக் கம்பி மாட்டினால் சுருதி நிலைக்க நாலைந்து நாள் ஆகும், தேர்வுக்கு முந்தின நாள் மாட்டாதீர்கள். மிருதங்கத்துக்கு மழைக்கால ஈரம் பகை, தோல் தளர்ந்துவிடும். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னால் வார் பிடித்துவிடுங்கள்.

கீபோர்டுக்குக் கட்டை மூடுகிற துணி உறை போதும். பிளாஸ்டிக் தாள் போட்டு மூடினால் உள்ளே வியர்க்கும். சில கட்டை சத்தம் வராமல் போனது ஒரு தடவை. இன்ஜினுக்கு அடிக்கிற துரு எண்ணெயை எடுத்து நான் அடிக்கப் போனேன். மகள் அழுத அழுகையில் கை நின்றது. நல்லவேளை. சர்வீஸ் ஆளிடம் கொடுத்தால் உள்ளே இருக்கிற ரப்பர் காண்டாக்டைத் துடைத்துத் தருவார்.

ஜெராக்ஸ் செல்லாது

இரண்டாவது தடவை நான் சொதப்பியது இது. லண்டன் தேர்வுகளில் அசல் புத்தகத்தை வைத்துத்தான் வாசிக்க வேண்டும், நகல் எடுத்த தாளை ஏற்க மாட்டார்கள். நான் காசு மிச்சம் என்று இன்னொரு பிள்ளையின் புத்தகத்தை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். மையத்து வாசலில் கேட்டபோது வியர்த்துவிட்டது. ஒரு புண்ணியவதி தன் பிள்ளை புத்தகத்தைக் கடன் கொடுத்தாள். அதில் வேறு பிள்ளையின் பென்சில் குறிப்பு, விரல் எண் எல்லாம் வேறு. மகள் தடுமாறினாள். இணையத்தில் காசு கொடுத்து இறக்கிய பாட்டு என்றால் ரசீதையும் எடுத்துச் செல்லுங்கள்.

வீட்டிலிருந்தே வீடியோ தேர்வு

2020க்குப் பிறகு இரண்டு அமைப்பும் வீடியோ அனுப்பி எழுதுகிற வழியையும் வைத்திருக்கின்றன. மதுரை வரை போகிற செலவு மிச்சம். ஏபிஆர்எஸ்எம்மின் இந்தத் தேர்வில் ஸ்கேலோ காதுச் சோதனையோ கிடையாது. நாலு பாட்டு, அதோடு மொத்த வாசிப்புக்கும் 30 மார்க். ஆனால் ஒரே எடுப்பில், வெட்டாமல் ஒட்டாமல் பதிவு செய்ய வேண்டும். முகம், கை, கருவி மூன்றும் தெரிய வேண்டும்.

நம் ஊரில் இதற்கு அமைதியான ஒரு மணி நேரம் கிடைப்பதே பாடு. காலையில் மீன் வண்டி ஹாரன், மத்தியானம் காக்கா, சாயங்காலம் எங்காவது குழாய் ஸ்பீக்கர். இரவு சாப்பாடு முடிந்து ஒன்பது மணிக்கு மேல்தான் எங்களுக்கு வாய்த்தது. கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள், காற்று போன் மைக்கில் இரைச்சலாக விழும். மின்விசிறியை நிறுத்துங்கள். போனை விமான நிலையில் போடுங்கள். பாட்டு நடுவில் சித்தப்பா கூப்பிட்டு எங்களுக்கு ஒரு நல்ல எடுப்பு போயே போய்விட்டது. கரண்ட் போனால் கீபோர்டும் நிற்கும், ஆகவே இன்வெர்ட்டரில் மாட்டுங்கள். ஒரு நாளைக்கு மூன்று எடுப்புக்கு மேல் வேண்டாம். நாலாவது எப்போதும் மோசமாகத்தான் வரும். கடைசித் தேதி இரவில் அனுப்பாதீர்கள், தீவில் சிக்னல் எப்போது படுக்கும் என்று யாருக்கும் தெரியாது.

பயணமும் அந்த நாளும்

எங்களுக்கு மையம் மதுரையில் விழுந்தது. ராமேசுவரத்திலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர், பஸ்ஸில் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. 2022 டிசம்பரிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கிற வரைக்கும் தீவுக்குள் ரயில் வரவில்லை. மகளின் முதல் கிரேடு சமயத்தில் பஸ்ஸே கதி. இப்போது ரயில் இருக்கிறது. காற்று பலமாக அடிக்கிற நாளில் ரயிலைப் பாலத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிடுவார்கள் என்பதை மறக்காதீர்கள். காலையில் தேர்வு என்றால் முந்தின நாளே போய்விடுங்கள். மத்தியானத் தேர்வுக்கு அன்று காலை கிளம்பலாம், ஆனால் ஒரு பஸ் தவறினாலும் அடுத்ததில் போய்ச் சேர முடிகிற மாதிரி.

பஸ்ஸில் வாந்தி வருகிற பிள்ளைக்கு மாத்திரை கொடுத்தால் தூக்கக் கலக்கத்தில்தான் வாசிக்கும். எலுமிச்சம்பழமும் ஜன்னல் சீட்டும் பாருங்கள். சாப்பாடு இட்லி போதும். ஜிகர்தண்டா தேர்வு முடிந்த பிறகு. பாடுகிற பிள்ளைக்கு முன்னால் வாங்கிக் கொடுத்துவிட்டு, பிறகு தொண்டை கட்டிவிட்டது என்று சாமியைக் குறை சொல்லாதீர்கள்.

பையில் தேர்வுச் சீட்டு, பிள்ளையின் அடையாளச் சான்று, அசல் புத்தகம், கருவி, மாற்றுக் கம்பி, கீபோர்டு என்றால் அடாப்டரும் சேமித்த டோன் அமைப்பு இருக்கிற பென் டிரைவும். நகம் வெட்டியாயிற்றா என்று வீட்டிலேயே பாருங்கள். தேர்வே சின்னதுதான். டிரினிட்டி முதல் கிரேடு 13 நிமிஷம், எட்டாம் கிரேடே 28 நிமிஷம். அந்தப் பதின்மூன்று நிமிஷத்துக்காக வெளியே காத்திருக்கிற ஒரு மணி நேரத்தில்தான் பெற்றோர் எல்லாவற்றையும் கெடுப்பது. பக்கத்து நாற்காலிப் பிள்ளை எந்தக் கிரேடு, எத்தனை மணி நேரம் சாதகம் என்று கேட்டுக் கேட்டுத் தன் பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கிவிடுவார்கள். "ஸ்கேல் ஞாபகம் இருக்கா?" என்று வாசலில் கேட்காதீர்கள். நான் மகளோடு புளியங்கொட்டை வைத்துப் பல்லாங்குழி ஆடினேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

வெளியே வந்ததும் முதல் கேள்வி "பசிக்குதா?" மட்டும். மற்றதெல்லாம் மானாமதுரை தாண்டியதும் பிள்ளையே சொல்ல ஆரம்பிக்கும்.

முடிவு வந்த பிறகு

சில வாரங்களில் முடிவு வரும். எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் தேர்வாளர் எழுதின குறிப்பைப் படியுங்கள், புரியாவிட்டால் மாஸ்டரிடம் கொண்டுபோங்கள். அடுத்த ஆறு மாசத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அந்த நாலு வரியில் இருக்கும். தேறவில்லை என்றால் மறுபடி எழுதலாம், அதே பாட்டோடு எழுதலாம். மகளுக்கு ஒரு முறை 58 வந்தது. வீட்டில் யாரும் பேசவில்லை, அவளே மறுநாள் ஸ்கேல் பக்கத்தைத் திறந்தாள். மார்க்கை ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன் பிள்ளையிடம் கேளுங்கள். நல்ல மார்க்காக இருந்தாலும் கேளுங்கள்.

சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். பின்னால் சான்றொப்பம் கேட்கிற இடத்தில் தொல்லை. ஈரக் காற்றில் தாள் பூத்துவிடும், ஜிப் கவரில் போட்டு இரும்பு பீரோவில் வைக்காமல் மர அலமாரியில் வையுங்கள். ஸ்கேன் எடுத்து இரண்டு மெயிலில் அனுப்பி வையுங்கள்.

அடுத்த கிரேடு புத்தகத்தைப் பழசாக வாங்குவதாக இருந்தால் அட்டையில் பாடத்திட்ட ஆண்டைப் பாருங்கள், சில வருஷங்களுக்கு ஒரு முறை பாட்டுகளை மாற்றிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டாம் கிரேடு கீபோர்டு புத்தகம் ஒன்று சும்மா இருக்கிறது, அசல்தான். முப்பத்திரண்டாம் பக்கத்தில் மட்டும் கிரீஸ் கை பட்டிருக்கிறது.